கல்யாணத்தன்று மழை

பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது அரிசிப் பானைக்குள் கைவிடும் பழக்கம் வந்தது. புடைத்து வைத்த அரிசி, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி, எதுவானாலும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்ல வேண்டும். பலப்பம் தின்றேன். மழை பெய்து நனைந்த மண்சுவரின் வாசனைக்கு நாக்கில் நீர் ஊறியது. அம்மா, அப்பத்தா, எதிர்வீட்டு அத்தை என்று பார்த்தவர்கள் எல்லோரும் அந்த மழையைச் சொல்லியே மிரட்டினார்கள். இவள் ஏன் தின்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உணவல்லாதவற்றையும் சமைக்காத தானியத்தையும் ஓயாமல் தின்னத் தோன்றும் இந்த ஆசைக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். உடலில் இரும்புச்சத்து குறைந்திருப்பதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இது எனக்குத் தெரிய வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். என் கல்யாணத்தன்று மழை பெய்யவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறி முடிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். பாடம் தொடங்க ஒரு நிமிடம் மேசையைப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். சீப்பில் முடி கொத்தாக வந்தது. இரவில் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் 14. பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு அச்சாகியிருந்தது: பெண்களுக்கு 13 முதல் 150 வரை, ஆண்களுக்கு 30 முதல் 400 வரை. என் எண்களுக்கு அருகில் நட்சத்திரக் குறியோ அம்புக்குறியோ இல்லை. "எல்லாம் நார்மல்தாம்மா. டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்றார் மருத்துவர்.

ஒரு எல்லைக்கோட்டைப் பார்த்தால் அதை யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று கேளுங்கள் என்று பிள்ளைகளுக்கு இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். ஆணாக இருந்திருந்தால் அதே 14 எனக்கு நோய். பெண்ணாக இருப்பதால் நார்மல். பேருந்தில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கோட்டை யார் வரைந்தது?

2

1554இல் ஜொஹானஸ் லாங்கே என்ற ஜெர்மன் மருத்துவரின் கடிதங்கள் அச்சாயின. அவற்றில் ஒன்று தன் மகளைப் பற்றிக் கவலைப்பட்ட நண்பருக்கு எழுதியது. மகளின் பெயர் அன்னா. முகம் வெளுத்துப் போயிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இறைச்சியைக் கண்டால் பிடிக்கவில்லை. கால் வீங்குகிறது. லாங்கே இதற்குக் 'கன்னியரின் நோய்' என்று பெயர் வைத்தார். வெளியேற வேண்டிய மாதவிடாய் ரத்தம் தேங்கிக் கெட்டுப்போவதுதான் காரணம் என்றார். அவர் சொன்ன மருந்து கல்யாணம். ஆணோடு வாழ்ந்து கருவுற்றால் குணமாகிவிடும் என்றார்.

ஒரு கர்ப்பம் முழுமையாக நடந்து முடிய ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவை. இரும்பில்லாமல் வெளுத்துப்போன பெண்ணுக்குக் கர்ப்பத்தை மருந்தாகச் சொல்வது, கடனில் மூழ்கியவளிடம் இன்னொரு கடன் வாங்கச் சொல்வதுதான்.

அடுத்த நூற்றாண்டில் இந்த நோய்க்குக் 'குளோரோசிஸ்' என்ற கிரேக்கப் பெயர் வந்தது. பசுமை படர்ந்த மஞ்சள் என்று பொருள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவம் இளம்பெண்களை இந்தப் பெயரால் அழைத்தது. காதல் ஏக்கம், நரம்புத் தளர்ச்சி, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, மலச்சிக்கல் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. வரலாற்றாய்வாளர் ஹெலன் கிங் 2004இல் இந்த நோய்க்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மருந்து நடுவழியிலேயே கிடைத்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் துகளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832இல் பியர் ப்ளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இரும்பு சல்ஃபேட்டோடு பொட்டாசியம் கார்பனேட் சேர்த்து மாத்திரையாக்கினார். பெண்கள் எழுந்து நடமாடினார்கள். நம் சித்த மருத்துவத்திலும் பாண்டு நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் உண்டு. அன்னபேதி என்பது அதே இரும்பு சல்ஃபேட்தான். மருந்து இரும்பு என்று தெரிந்த பிறகும், காரணம் இரும்புக் குறைவு என்று ஒத்துக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் ஆனது. பெண் என்றால் வெளுப்பாள், மயங்குவாள், களைப்பாள். அது அவள் சுபாவம். சுபாவத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லையே.

3

அம்மாவின் பழைய பைலைப் பரணிலிருந்து எடுத்தேன். என்னைச் சுமந்திருந்தபோது, 1981இல், அரசு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று மடிப்பில் கிழிந்து கிடந்தது. ஹீமோகுளோபின் 60% என்று மையால் எழுதியிருந்தது.

எதில் 60 சதவீதம்? அந்தக் காலத்தில் ரத்தத்தை ஒரு குழாயில் விட்டுக் கரைத்து, அதன் நிறத்தை மாதிரி நிறத்தோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 1878இல் இங்கிலாந்தின் கவர்ஸ் இப்படியொரு கருவியைச் செய்தார். 1902இல் சுவிட்சர்லாந்தின் சாலி இன்னொன்றைச் செய்தார். அது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அண்மைக்காலம் வரை புழங்கியது. இடையில் 1901இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் தன் கருவிக்கு அளவுகோல் வகுத்தபோது, ஆரோக்கியமான ஆண்களுடைய ரத்தத்தின் சராசரியை 100 என்று வைத்தார். மற்றவர்கள் அந்த நூறிலிருந்து எவ்வளவு குறைகிறார்கள் என்று பார்த்தால் போதும். அந்த நூறும் கருவிக்குக் கருவி மாறியது. அம்மாவின் 60 எந்தக் கருவியின் 60 என்று சீட்டில் இல்லை.

பிறகு சதவீதம் போய்க் கிராம் வந்தது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரத்தசோகைக்கான எல்லைகளை வகுத்தது. டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. இன்று வரை பெரிய மாற்றமில்லாமல் இவைதான் புழக்கத்தில் இருக்கின்றன.

பெண்ணுக்குத் தனி எல்லை வைத்தது நியாயம்போலத் தோன்றும். ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது மட்டும்தான் வித்தியாசமா? 'ஆரோக்கியமான' பெண்கள் என்று அளக்கப்பட்டவர்களிலேயே பலருக்கு மாதாமாதம் இரும்பு கரைந்து சேமிப்பு காலியாக இருந்திருக்கும். அவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி எப்படி ஆரோக்கியத்தின் அளவாகும் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஃபெரிட்டினில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உடல் தன் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. 1972இல்தான் அதை ரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. ஆய்வகங்கள் அச்சடிக்கும் 'இருக்க வேண்டிய அளவு' பெரும்பாலும் ஒரு கூட்டத்தை அளந்து, இரு ஓரங்களையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் எண்களை எடுத்துக்கொள்வது. ஊரில் பாதிப்பேர் பட்டினி கிடந்தால், பட்டினிதான் அந்த ஊரின் நார்மல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு என்கிறது. ஆண், பெண் பேதமில்லை. 30க்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். என் தாளிலோ 13 வரை குறி விழாது.

அம்மாவின் பைலில் இன்னொரு தாளும் இருந்தது. 1996, கர்ப்பப்பையை எடுப்பதற்கு முந்தைய வாரம். ஹீமோகுளோபின் 6.8. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் அறுவை செய்தார்கள். அதற்கு முன் நான்கு வருடம் கட்டியோடு, மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் போக்கு இருந்திருக்கிறது.

"அப்பவே ஏம்மா காட்டல?"

"யாருடி எண்ணிப் பார்த்தா? எல்லாருக்கும் வர்றதுதானேன்னு இருந்துட்டேன். டாக்டரும் கேக்கல."

எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. 1966இல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரப் பெண்களிடம் பயன்படுத்திய துணிகளை வாங்கி, போகும் ரத்தத்தை அளந்தார்கள். ஒரு மாதத்துக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்ற கணக்கு அந்த ஆய்விலிருந்து வந்தது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதே 1, 2 மில்லிகிராம்தான். இந்தக் கூட்டல் கழித்தலை அம்மாவுக்கு யாராவது போட்டுக் காட்டியிருந்தால், 6.8 வரை காத்திருந்திருக்க மாட்டாள்.

4

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொன்னால் ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரியும். இன்றைய அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் மாணவிகளில் ஒருவரான மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் போகாத கோஷாப் பெண்களுக்கும் 'சாதிப்' பெண்களுக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பது பெயர்ப்பலகையிலேயே தெரிந்துவிடும்.

1931இன் தொடக்கத்தில் இந்த மருத்துவமனையில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1888இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார், அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார்.

பம்பாயில் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கடும் ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர் இதை ஆராயச் சொல்லி அழைக்க, 1928இல் வில்ஸ் வந்தார். பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திலும், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பிறகு சென்னையிலும் வேலை நடந்தது. இந்திய ஆராய்ச்சியாளர்கள் மேத்தாவும் தல்படேயும் அவருடன் சேர்ந்து எழுதினார்கள்.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து வில்ஸ் தொடங்கினார். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பிறகு குரங்குகளுக்கு. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட் என்ற மலிவான கறுப்புப் பசையைக் கொடுத்தபோது குரங்கு தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், சில நாட்களில் ரத்தம் ஊறத் தொடங்கியது. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அந்தப் பசையில் இருந்தது என்னவென்று அப்போது தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்றார்கள். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இது இரும்புக் குறைவுக்கு உடன்பிறந்த இன்னொரு சோகை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். ஃபோலேட் குறைந்தால் பெருக்கும். இன்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் பம்பாய் ஆலைப் பெண்கள். மருத்துவ நூல்களில் வில்ஸின் பெயர் இருக்கிறது. ரத்தம் கொடுத்த பெண்களின் பெயர் இல்லை. அவர்களுக்குத் திருமணத்தை மருந்தாகச் சொல்லாமல் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்களே, அந்த மட்டில் நானூறு ஆண்டு வழக்கம் ஒன்று உடைந்தது.

5

1970இல் இந்திய அரசு ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அன்று முதல் ஏதோவொரு பெயரில் சத்து மாத்திரை வந்துகொண்டுதான் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு பிசகும் என்ற விமர்சனம் உண்டு. பிசகைக் கழித்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள பள்ளம் மறையாது.

"மாத்திரையைக் கொடுத்தா குப்பையில போட்டுர்றாங்க" என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். ஏன் போடுகிறார்கள்? வயிறு புரட்டுகிறது, மலம் கறுக்கிறது, கட்டிக்கொள்கிறது. கறுப்பது இயல்புதான், பயப்பட வேண்டாம் என்று ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் பாதிப்பேர் போட மாட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும், பெண்ணுக்கு 29. அதிகம் தேவைப்படுகிறவள்தான் எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டாள். குழம்பில் துண்டு தீர்ந்த பிறகு சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, 'இதுதான் ருசி' என்பாள்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆட்டுக்கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பத்தா கறிக்கடைக்காரரிடம் சுவரொட்டியைக் கேட்டு வாங்கி வரும். அடுப்புத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவி, வயதுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும். ஆண்களுக்குக் கிடையாது. சுவரொட்டி என்பது மண்ணீரல். கிழட்டுச் சிவப்பணுக்களை உடைத்து இரும்பைச் சேர்த்து வைக்கும் உறுப்புகளில் ஒன்று. 1937இல் செக் நாட்டின் லௌஃப்பெர்கர் ஃபெரிட்டினை முதன்முதலில் பிரித்தெடுத்தது குதிரையின் மண்ணீரலிலிருந்து. அப்பத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எந்த உறுப்பை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

சுவரொட்டியையும் ரத்தப் பொரியலையும் ஈரலையும் பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மூக்கைப் பொத்துவார்கள். இன்று எனக்குக் கொடுத்த உணவுச் சீட்டில் மாதுளை, பீட்ரூட், பேரீச்சை என்று இருந்தது. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையில் வாங்கும் மாதுளையிலும் பீட்ரூட்டிலும் இரும்பு சொற்பம். இறைச்சியிலுள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கிறது; கீரை, பயறு, கேழ்வரகில் உள்ளதை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. சத்தான சாப்பாடு எது என்று பட்டியல் போடும்போதும் சாதி ஒரு கை பார்த்துவிடுகிறது.

6

நான் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது: "மாசா மாசம் எத்தனை நாள் போகுது? கட்டியாப் போகுதா? ராத்திரி எழுந்து மாத்த வேண்டியிருக்கா?" அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்விகள்.

அவர் சொன்னதையும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பு முழுக்கக் கரைந்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். ஃபெரிட்டினையும் கேட்டு வாங்க வேண்டும். காய்ச்சலோ உடலில் அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. குறைந்திருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், தலசீமியாக் கூறாகவும் இருக்கலாம். அதனால் பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கக் கூடாது. மாத்திரையைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் நன்றாகச் சேரும். தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலாகச் சேர்கிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்தில் இளம்பெண்களிடம் செய்த ஆய்வு காட்டியது. எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாமல் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் போலத் தொடர வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

ஐந்து மாதத்தில் என் ஃபெரிட்டின் 46க்கு வந்தது. இரண்டாம் மாடிக்கு ஏறியதும் பாடத்தைத் தொடங்கிவிட முடிகிறது. சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்த சிடுசிடுப்பில் பாதியும் காணாமல் போனது.

சென்ற மாதம் சமையலறைக்குள் போனபோது என் மகள் அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பழக்கத்தில், "ஏடி, கல்யாணத்தன்னைக்கு மழை..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு லீவு போட்டு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். "அந்த இன்னொண்ணு இருக்கே, பேரு வாயில நுழையலையே, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லு."